மார்ச் மாதத்துக்குள் ஓர் உயிர்

சுரங்கத்துக் கழிவுநீரை ஆற்றில் விட அனுமதி வேண்டுமென்றால், அந்த நீரில் பத்து மீன்களை விட்டு நான்கு நாள் பார்க்க வேண்டும். ஒன்பது பிழைத்திருந்தால் அனுமதி. இந்த வருஷம் மீன்கள் மருத்துவ விடுப்பில் போய்விட்டன. அதனால் ஆற்றோரத்து எங்கள் ஊரிலிருந்து பத்துப் பேரை எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒருத்தி என் அக்கா பூவாயி.

எனக்குச் செம்புச் சுரங்கத்தில் வால்வு திறக்கும் வேலை. அனுமதி வந்தால் திறப்பேன். வராவிட்டால் சும்மா உட்கார்ந்திருப்பேன். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அக்காதான். அவளைத் தொட்டிக்குள் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

தொட்டி கண்ணாடியால் ஆனது. நீர் மயில்துத்த நீலம். பத்துப் பேரும் கழுத்தளவு நீரில் நின்று தக்காளி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பேப்பர் படித்தார். எழுத்தெல்லாம் கரைந்துவிட்டதால் அவராகவே செய்தி சொன்னார். பரவாயில்லாத செய்திகள்தான்.

நான்காம் நாள் பத்துப் பேரும் உயிரோடிருந்தார்கள். நான் அக்காவைப் பார்த்துக் கையாட்டினேன். ஆய்வாளர் நாச்சிமுத்துவின் முகம் மட்டும் சுண்டிப்போனது.

"பத்தும் இருக்குதே," என்றார்.

"நல்லதுதானுங்களே சார்."

"சாவு ஒண்ணு ஒதுக்கியிருக்காங்க மாரப்பா. மார்ச்சுக்குள்ள செலவாகலைன்னா திருப்பி அனுப்பணும். அடுத்த வருஷம் தர மாட்டாங்க."

அன்று மார்ச் முப்பத்தொன்று. அவரையும் குறை சொல்ல முடியாது. போன வருஷம் வாளிக்கு வந்த பணம் இப்படித்தான் திரும்பிப் போனது. இப்போது அலுவலகத்தில் வாளியே கிடையாது.

அந்த ஒன்றை என் பேரில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஊழியருக்குப் பலன் போனால் தணிக்கையில் பிடித்துக்கொள்வார்கள் என்றார். சரி, மேலதிகாரியையே பார்த்துவிடுகிறேன் என்று கிளம்பினேன்.

மேலதிகாரியின் அறை நடைவழியின் கடைசியில் இருந்தது. நடக்க நடக்க நடைவழி நீண்டது. நடுவில் ஒரு பேருந்து நிறுத்தம் வந்தது. அங்கே நின்றவர்களும் அவரைப் பார்க்கப் போகிறவர்கள்தானாம். பஸ் எப்போது வரும் என்று கேட்டேன். நிறுத்தத்துக்குத்தான் அனுமதி கிடைத்ததாம், பஸ்ஸுக்கு இன்னும் கிடைக்கவில்லையாம். நான் நடந்தே போனேன்.

போய்ச் சேர்ந்தபோது மேலதிகாரி மேசை விசிறியாகியிருந்தார். ஒதுக்கீட்டைச் செலவழிக்காமல் விட்டுவிடலாமா ஐயா என்று கேட்டேன். அவர் தலையை இடமும் வலமுமாகத் திருப்பினார். மறுத்துவிட்டார் என்று குமாஸ்தா எழுதிக்கொண்டார். ஒரு நிமிஷம் விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டுப் பாருங்கள் என்று குமாஸ்தாவிடம் கெஞ்சினேன். அதிகாரியை அணைக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார்.

திரும்பும்போது நடைவழி நாலே எட்டு. ஏமாந்தவனுக்கு வழி சுருக்கம் போலிருக்கிறது.

தொட்டிக்குள் உபசரிப்பு நடந்துகொண்டிருந்தது. பந்தியில் கடைசி வடைக்கு நடக்குமே, அப்படி. நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் ஒருவர். நீங்கள்தான் மூத்தவர் என்றார் இன்னொருவர். கடைசியில் ஒன்பது பேரும் என் அக்காவைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் பகை ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அக்காவுக்கு எதையும் வீணாக விடத் தெரியாது. ஊருக்கே தெரிந்த விஷயம் இது. அதனால்தான் அவளைப் பார்த்தார்கள்.

கண்ணாடியில் முகத்தை வைத்து, வேண்டாம்க்கா என்று கத்தினேன். கத்திப் பயனில்லை, இந்தக் கண்ணாடியில் வெளிக்குரல் நாளைக்குத்தான் போய்ச் சேரும் என்றார் நாச்சிமுத்து. உள்குரல் மட்டும் உடனே கேட்டது.

"வீணாப் போயிருமாம் தம்பி. நானே எடுத்துக்கறேன்."

நான் கண்ணாடியைக் குத்தினேன். அவள் சிரித்தாள்.

"சாப்பிடாம கெடக்காத. வூட்டுல ரசம் இருக்குது. சுடவெச்சு ஊத்திக்க."

குளிக்கப் போகிறவள் போல முடியை அள்ளி முடிந்துகொண்டாள். பிறகு தலையை நீருக்குள் இறக்கினாள். நாச்சிமுத்து மணியைப் பார்த்தார். அலுவலகம் மூட இன்னும் நேரம் இருந்தது.

ஒன்பது. தேறிவிட்டது.

காலையில் அனுமதிக் கடிதம் வந்தது. அதே நேரத்தில் என் குரலும் தொட்டிக்குள் போய்ச் சேர்ந்தது. வேண்டாம்க்கா, வேண்டாம்க்கா என்றது. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று ஒன்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நாச்சிமுத்து கடிதத்தை உரக்கப் படித்தார். ஒதுக்கீட்டை முழுமையாகப் பயன்படுத்தியதற்காக எங்கள் ஊரைப் பாராட்டியிருந்தார்கள். அடுத்த வருஷம் இரண்டாகக் கூட்டியிருக்கிறார்களாம். எல்லோரும் கை தட்டினார்கள். என் கையும் தட்டியது. அதை நிறுத்த எனக்குத் தெரியவில்லை.

பிறகு என்னை வால்வைத் திறக்கச் சொன்னார்கள். அழுதுகொண்டே திறந்தேன். தண்ணீர் எங்கள் ஊரைப் பார்த்துப் போனது.