ஓட்டை முக்கோணத்தின் விளிம்புகள்

தம்பியின் கலியாணத்துக்காக ஜேர்மனியிலிருந்து பள்ளிமுனைக்கு வந்த ஜெஸ்லியாவின் பெட்டியில், சொக்லேட்டுகளுக்கு அடியில் ஒரு பை நிறையக் கம்பிச்சுருள்களும் மின்னைத் தேக்கும் கொள்ளளவிகளும் கிடந்தன. விமான நிலையத்தில் மறித்துக் கேட்டார்கள். சிநேகிதிக்கு என்றாள். அது பொய்யில்லை.

சிநேகிதி நுஹா. மன்னாரில் உயர்தரம் படித்த காலத்தில் இருவரும் ஒரே வாங்கில் இருந்து படித்தார்கள். போரில் இடம்பெயர்ந்திருந்த நுஹாவின் குடும்பம் அப்போதுதான் புத்தளத்திலிருந்து கொண்டச்சிக்குத் திரும்பியிருந்தது. ரியூசன் விட்டு வரும் வழியெல்லாம் மின்னோட்டத்தைப் பற்றிச் சண்டை பிடிப்பார்கள். ஆராய்ச்சியும் ஒன்றாகச் செய்வதாகத்தான் பேச்சு. வாப்பா படுக்கையில் விழவே, நுஹா பட்டத்தோடு ஊருக்கு வந்து பௌதிகவியல் ஆசிரியையாகிவிட்டாள். ஜெஸ்லியா மட்டும் ஆராய்ச்சிக்கு ஜேர்மனி போனாள்.

சனிக்கிழமை அவளுடைய பாடசாலை ஆய்வுகூடத்தில் இருவரும் சந்தித்தார்கள்.

"அப்பிடி என்னதான்டி ஆராயிறாய்?" என்றாள் நுஹா.

ஜெஸ்லியா கரும்பலகையில் ஒரு முக்கோணம் கீறினாள். "சில பொருளுகளிலை மின்சாரம் உள்ளுக்குள்ளை போகாது, விளிம்பாலைதான் ஓடும். விளிம்பு ஒரு இடத்திலை உடைஞ்சாலும் நிக்காது, சுத்திப் போகும்." முக்கோணத்தின் நடுவை அழித்தாள். மிஞ்சிய சின்ன முக்கோணங்களின் நடுவையும் அழித்தாள். "இப்பிடியே ஓட்டை போட்டுக்கொண்டு போனா உள் எண்டு ஒண்டும் மிஞ்சாது. அப்பவும் அந்தக் குணம் இருக்குமோ?"

"இருக்குமா?"

"இருக்கும் எண்டு கணக்குச் சொல்லுது. கண்ணாலை இன்னும் காணேல்லை. முதல் உன்னோடை பாக்கவேணும் எண்டுதான் எல்லாத்தையும் காவிக்கொண்டு வந்தனான்."

நுஹா ஈயம் ஒட்டும் கோலைச் சூடாக்கினாள். அந்தப் புகை மணத்தில் ஜெஸ்லியாவுக்குப் பதினெட்டு வயது திரும்பி வந்தது. லுஹர் தொழுகைக்கு மட்டும் நுஹா எழும்பிப் போனாள். பின்னேரம், சுருள்களையும் கொள்ளளவிகளையும் ஓட்டை முக்கோணமாக ஒட்டிய பலகை தயாரானது. மின்சாரத்தைக் கொடுத்தார்கள். அது விளிம்பில் நிற்காமல் எல்லா மூலைக்கும் பரவியது. ஜெஸ்லியாவின் முகம் விழுந்துவிட்டது.

"அதிர்வெண்ணை மாத்திப் பாப்பம்," என்ற நுஹா மின்னலை பிறப்பிக்கும் கருவியின் குமிழை மெல்ல மெல்லத் திருகினாள். கரண்ட் இல்லாத நாட்களில் பற்றரி றேடியோவில் நிலையம் பிடிக்க இப்படித்தான் உதட்டைக் கடித்துக்கொண்டு திருகுவாள்.

ஓரிடத்தில் பிடித்துக்கொண்டது. வெளிவிளிம்பிலும் ஒவ்வோர் ஓட்டையைச் சுற்றியும் மட்டும் மானியில் அளவு ஏறியது. இடையிலுள்ள முடிச்சுகள் செத்துக் கிடந்தன.

"வெட்டட்டா?" நுஹா கம்பி வெட்டும் குறட்டை எடுத்து வெளிவிளிம்பில் ஓர் இணைப்பை நறுக்கினாள். மின்னோட்டம் வெட்டிய இடத்தைச் சுற்றிக்கொண்டு மற்றப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

நுஹா கண்ணைத் துடைத்தாள். "நாங்க செய்யணும் எண்டு கதைச்சது இதைத்தானடி."

"இன்னும் நிறைய அளவெடுக்கவேணும். நீ எடு. கட்டுரையிலை ரெண்டு பேரின்ரை பேரும் வரட்டும்."

"பாவம் பாக்கிறியா?"

"இல்லையடி. அங்கை எல்லாரும் நான் சொல்லுறதுக்குத் தலையாட்டுறாங்கள். சண்டை பிடிக்க எனக்கு நீ வேணும்."

நுஹா ஒரு தாளில் 'தொடவேண்டாம்' என்று எழுதிப் பலகையின் பக்கத்தில் வைத்தாள். ஆய்வுகூடத்தைப் பூட்டும்போது சொன்னாள்: "கரும்பலகையில நீ கீறின மூண்டாவது ஓட்டை பிழை. நாளைக்கு வா, காட்டுறன்."