நோய்க்குன்றின் சரளை

கெய்லீனுக்கு அரசு வீடு கிடைக்கிறது என்றதும் அவளைவிட நான்தான் அதிகம் குதித்தேன். அவள் என் தங்கை மகள். எங்கள் பழங்குடி ஆட்களிடையே அப்படியென்றால் எனக்கும் மகள்தான். என் வீட்டில் அறைக்கு நாலைந்து பேர். அவளும் கைக்குழந்தை டைரலும் சமையலறைத் தரையில் படுத்தார்கள். யார் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் பிள்ளையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

வீட்டைப் பார்க்கப் போனோம். முற்றமெங்கும் மஞ்சள் கறை படிந்த கருஞ்சரளை. அது நோய்க்குன்றுக் கல்.

அந்தக் குன்றில் எங்கள் ஆட்கள் யாரும் தங்கியதில்லை, அடியிலிருக்கும் ஓடையில் தண்ணீர் மொண்டதில்லை, கல்லைத் தொட்டதுமில்லை. கலைத்தால் நோய் வரும். யுரேனியம் தேடி வந்த வெள்ளைக்காரர்கள் சரியாக அங்கேதான் தோண்டினார்கள். விலை இறங்கியதும் குழியையும் குவியலையும் அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். வீடு கட்டிய ஒப்பந்தக்காரன் டீசல் மிச்சம் பிடிக்கப் பக்கத்திலிருந்த அந்தக் குவியலை அள்ளிவந்து கொட்டியிருக்கிறான். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வாய் தேய்ந்தா போயிருக்கும்?

புகார் கொடுத்தேன். டார்வின் நகரத்திலிருந்து வாரிக் என்ற அரசு அதிகாரி வந்தார். கதிர்வீச்சு அளக்கும் கருவியை இடுப்பருகே பிடித்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றினார். அங்கங்கே டிக், டிக் என்றது. எல்லாம் வரம்புக்குள்தான், மண்ணிலும் கல்லிலும் இது இருக்கத்தான் செய்யும், இயற்கையானது என்று பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் இனிக்க இனிக்கச் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாம்பும் இயற்கைதான் தம்பி. அதுக்காகப் பிள்ளை பக்கத்துல படுக்க வைப்பீங்களா? எங்க டைரல் இடுப்பு உயரத்துல தவழ மாட்டான். அதைக் கீழ வைங்க."

வைத்தார். நெருப்பில் வாத்துக் கொழுப்பு பொரிவதுபோல் விடாமல் பொரிந்தது. சட்டென்று தூக்கிவிட்டு, ஓரிடத்தை மட்டும் பார்க்கக் கூடாது, சராசரியைத்தான் பார்க்க வேண்டும் என்றார். சரளையை மாற்ற அனுமதி வர எப்படியும் ஒரு வருடமாகுமாம். இன்று சாவி வாங்காவிட்டால் வீடு வரிசையில் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடுமாம்.

சொல்லிவிட்டுச் சாவியைக் கெய்லீன் கையில் வைத்தார். அவள் அதை இறுக்கிப் பிடித்தாள். பூட்டிக்கொள்ள ஒரு கதவு வேண்டும் என்று அவள் நினைப்பது தப்பா? வீடா, பிள்ளையா என்று ஒரு தாயை நிறுத்திக் கேட்கிறார்களே என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

வாரிக் வண்டிக் கதவைத் திறந்து, இருக்கையில் பக்கவாட்டில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுகக் கட்டினார். பிறகு வேறு செருப்பை மாட்டிக்கொண்டார்.

"தம்பி, ஒரு கல்லு எடுத்துட்டுப் போங்க. உங்க பிள்ளை விளையாடட்டும். நாங்க தொட மாட்டோம், நீங்களே எடுங்க" என்றேன்.

அதை வண்டியில் ஏற்ற விதிகளில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்திருக்க வேண்டும், முகம் சிவந்துவிட்டது.

கெய்லீன் டைரலை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சாவியை வண்டியின் முன்மூடிமேல் வைத்தாள்.

"இதை ஏத்தலாம்ல? எடுத்துட்டுப் போங்க."

அடுத்த வாரமே வீட்டை வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். மனம் கேட்காமல் அந்தச் சரளையைப் பற்றி நானே சொல்லப் போனேன். அந்தப் பெண்ணும் கைக்குழந்தையோடு வாசலில் நின்றாள்.

"தெரியும் அக்கா. வேற எங்க போய்ப் படுக்கிறது, சொல்லுங்க" என்றாள்.

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் பூட்ஸைப் பையில் கட்டிக்கொண்டு போய்விட்டான்.