வெட்டப்பட்ட பச்சைக் கம்பி

கிற்றார் ஒலியைப் பெருக்க உசாந்தி தானே செய்த அம்ப் மூன்று மாதமாக உம்மென்று இரைந்துகொண்டிருந்தது. எதிரொலிக்காகப் பிறகு உள்ளே பொருத்திய ஸ்பிரிங் பெட்டியால்தான் அந்த இரைச்சல். அதைக் கழற்றினால் நின்றுவிடும்; ஆனால் எதிரொலியும் போய்விடும். கடைசியில் ஓட்டமாவடியில் ரேடியோ திருத்தும் இல்ஹாமிடம் கொடுத்தாள். இரண்டே நாளில் இரைச்சல் இல்லாமல் திரும்பி வந்தது.

"என்ன செஞ்சீங்க நானா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டதற்கு, "சின்ன வேலதான் தங்கச்சி" என்று சிரித்தார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்தச் சிரிப்பே அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று. இரைச்சலை நிறுத்தக் குறுக்கு வழி ஒன்று உண்டு: ஒழுகும் மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோகும் ஏர்த் கம்பியை வெட்டிவிடுவது. பிறகு உள்ளே மின்சாரம் ஒழுகினால் கிற்றாரைத் தொடுகிறவர் பிழைப்பது கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை கல்குடாவில் ஒரு கல்யாண வீட்டில் அவள் வாசிக்க வேண்டும்.

"அந்தாளுக்குத் தொழில் தெரியும். நீ சும்மா ஒண்டொண்டா யோசிக்காத" என்றான் கணவன் விஜிதரன்.

அவள் பின்தகட்டைக் கழற்றினாள். பச்சைக் கம்பியொன்று பாதியில் வெட்டப்பட்டு, நுனியில் டேப் சுற்றியிருந்தது. உடனே போன் எடுத்தாள்.

"ஏர்த்த வெட்டிப்போட்டுத்தான் தந்திரிக்கிறீங்க! ஆக்கள் சாகிறத்துக்கா?"

"வாறன்" என்றார் இல்ஹாம்.

அரை மணித்தியாலத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். இவ்வளவு அவசரம் எதற்கு என்று அதையும் சந்தேகித்தாள்.

"இது நீங்க ஸ்பிரிங் பெட்டித் தகட்டுக்குத் தனியாப் போட்ட கம்பி. பெட்டிக்கு ஏற்கனவே சத்தம் வாற மற்றக் கம்பிட உறையால ஏர்த் போகுது. ரெண்டு வழி இரிந்தா வட்டமாகி இரையும். அதான் ஒண்ட வெட்டின. பிளக்குட ஏர்த்த நான் தொடவே இல்ல. மீட்டர வச்சிப் பாருங்க."

பிளக்கின் ஏர்த் முனைக்கும் அம்பின் தகட்டுக்கும் மீட்டரை வைத்தாள். இணைப்பு இருக்கிறதென்று பீப் என்றது. அவர் சொன்னது சரிதான். அவளுக்கு முகம் சுட்டது.

"வந்தத்துக்குச் சுவரையும் பாத்திருவம்" என்று அவர் சோதனை பல்பின் ஒரு கம்பியைச் சுவர்ப் பிளக்கின் மின் துளையிலும் மற்றதை ஏர்த் துளையிலும் செருகினார். பல்ப் எரியவில்லை. ஏர்த்தில் மின்சாரம் போனால் தானே விழும் ட்ரிப் சுவிச்சும் விழவில்லை.

"தங்கச்சி, உங்கட ஊட்டுலயே ஏர்த் இல்ல."

மூவரும் பின்பக்கம் போனார்கள். சுவரால் இறங்கிய ஏர்த் கம்பி, கிணற்றைச் சுற்றிப் போட்ட புதுச் சீமெந்தின் ஓரத்தில் வெட்டப்பட்டு வளைந்து நின்றது.

விஜிதரன் தலையைச் சொறிந்தான். "சீமெந்து போடக்குள்ள இடைஞ்சலா இரிந்திச்சு. மறுகா பூட்டுவம் எண்டு வெட்டின நான்."

"எப்ப?"

"தையில."

இப்போது ஆவணி. அவ்வளவு மாதமும் வெறுங்காலோடு நின்று அவள் கிற்றார் வாசித்திருக்கிறாள்.

இல்ஹாம் அந்தக் கம்பியைத் தானே பூட்டிக்கொடுத்தார். இம்முறை சோதனை பல்பைச் செருகியதும் ட்ரிப் சுவிச் படாரென்று விழுந்தது. தேத்தண்ணி வேண்டாமென்றார்.

"நானா, நான் உங்களப் பிழையா நினைச்சிட்டன்."

"நினைச்சது பரவால்ல தங்கச்சி. கேக்கத்தான் வேணும். ஆனா போன்ல அப்படிக் கத்தியிரிக்கத் தேவல்ல." அவர் முகம் பாராமல் வண்டியை உதைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அம்ப் நன்றாகவே பாடியது. எதிரொலி கல்யாணப் பந்தலைத் தாண்டிக் கேட்டதாகச் சொன்னார்கள். விஜிதரன் பக்கத்தில் நின்று கை தட்டினான். உசாந்தி சிரிக்கவில்லை. போன மாதம் காஸ் அடுப்புக் குழாயை மாற்றியதும் அவன்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.