பாரம் ஏறாத கால்

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் செருகினார். முழங்காலுக்குக் கீழே, எலும்புக்குள் இறக்கிய கம்பி நேராகத்தான் நின்றது. முறிந்த இடத்தில் கறுப்புக் கோடு அப்படியே கிடந்தது. தையல் பிரித்தபோதே காலை ஊன்றச் சொன்னேனே, ஊன்றினாரா என்று கேட்டார். காலொடிந்தவனின் மனைவிதான் பதில் சொன்னாள், கொஞ்சம் பெருமையாகவே.

"தரையில படவே விடல சார். கக்கூசுக்குக்கூட என் தோள்லதான்."

"அதாம்மா சேரல. தாங்கட்டும்னுதான் கம்பி போட்டிருக்கு. பாரம் ஏறினாத்தான் எலும்பு வளரும்."

இனியும் ஊன்றாவிட்டால் மறுபடி காலைத் திறக்க வேண்டும், அப்போதும் சேரும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

அவன் கிடங்கில் சுமை தூக்குகிறவன். கூட்டாளிகள் வைத்த பெயர் கிரேன். லாரியில் சரிந்த மூட்டை அடுக்கு கால்மேல் விழும்வரை அந்தப் பெயருக்குக் குறை வைத்ததில்லை. அவள் அதே கிடங்கில் சாக்கு வாய் தைப்பவள். விரிசல் விட்ட பலகையில் அங்கே யாரும் மூட்டை ஏற்ற மாட்டார்கள். அதனால் டாக்டர் முதலில் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படுக்க வைத்து, ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டாள். பார்த்துப் பார்த்தே கெடுத்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் வாக்கரை அவன் முன்னால் வைத்தாள். ஒரு கை வாக்கரில், மறு கை அவள் தோளில். கால் தரையைத் தொட்டது, அவ்வளவுதான். எடை முழுக்க அவள் தோளில் இறங்கியது.

"ஊனுய்யா."

"ஊனிட்டுத்தான் இருக்கேன்."

"யாருகிட்ட சொல்ற? என் தோளு பொய் சொல்லுதா?"

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

"ஒடஞ்ச சத்தம் எனக்கு உள்ள கேட்டுச்சுடி. கால வச்சா திரும்பக் கேக்கும்."

மூட்டைக்கு அடியில் ஒருநாளும் முனகாத ஆள். சரி, நாளைக்குப் பார்க்கலாம் என்று அவளுக்கு வாய்வரை வந்தது. இத்தனை நாளும் சொன்னது அதைத்தான்.

குனிந்து, அவன் கைக்கு அடியிலிருந்து தோளை உருவிக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள்.

"ஏய், விழுந்துடுவேன். வாடி."

அவள் போகவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துச் சுவரோடு அழுத்திக்கொண்டாள். தோளைத் தேடிய கை காற்றில் அலைந்து வாக்கரின் மறுபக்கத்தைப் பற்றியது. குதிகால் தரையில் இறங்கியது. கால்விரல்கள் அகன்று வெளுத்தன. தழும்பைச் சுற்றித் தோல் நடுங்கியது. அவன் வாய் திறந்தபடி, அடுத்த அறையில் யாரோ பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பவன்போல, தலையைக் காலின் பக்கம் சாய்த்து நின்றான்.