மிச்சமிருந்த இடம்

அந்தச் சொல்லைப் போட்டது நான்தான். பெரம்பலூரில் ஃபிளக்ஸ் அடிக்கிறவன். லெப்பைக்குடிக்காட்டில் மீட்புக் குழு நடத்தும் காமில் பாய் தாளில் எழுதிக் கொடுத்தது ‘அல்தாபை மீட்போம்’ என்று மட்டும்தான். படத்துக்குப் பக்கத்தில் இடம் மொட்டையாகக் கிடந்தது. காதுகுத்தானாலும் கருமாதியானாலும் இடத்தைச் சும்மா விட எனக்கு மனசு வராது. ‘அப்பாவி’ என்று சிவப்பில் போட்டு நிரப்பினேன். பாய்க்கு ரொம்பப் பிடித்துப்போனது. அரியலூர், செந்துறை வரைக்கும் கட்டினார்கள். ஊர்வலம், டிவி பேட்டி என்று எங்கு பார்த்தாலும் ‘அப்பாவி அல்தாப்’தான்.

வளைகுடாவில் அல்தாபுக்குத் தூக்கு விதித்திருந்தார்கள். ஒரே அறையில் தங்கியிருந்த செந்தில்குமாரைச் சண்டையில் குத்திக் கொன்றதாக வழக்கு. செத்தவனின் தாய் மன்னித்து எழுதிக் கொடுத்தால் உயிர் தப்பலாம். அந்த நாட்டுச் சட்டம் அப்படி. தாய் வீராயிக்குச் செந்துறை.

அல்தாபின் மனைவி மர்ஜியா வீராயியைப் போய்ப் பார்த்துவிட்டு நேராக என் கடைக்கு வந்தாள். பஸ் ஸ்டாண்டில் என் ஃபிளக்ஸுக்குக் கீழே நின்றுதான் வீராயி தினமும் வேலைக்குப் பஸ் ஏறுகிறாராம். அப்பாவிக்கு எதுக்கு மன்னிப்பு என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாராம்.

“அவரு குத்துனது நெசம்ண்ணே. போன்ல எங்கிட்ட சொல்லி அழுதாரு. அந்த வார்த்தைய எடுத்துட்டு, உள்ளத உள்ளபடி போட்டுக் குடுங்க.”

காமில் பாய்க்குப் போன் போட்டால் அவர் குதிக்கிறார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் இத்தனை நாள் சேர்த்த கூட்டம் கலைந்துவிடுமாம். கூட்டத்துக்கா தூக்கு? எரிச்சலில் போனை வைத்தேன்.

அடிக்க உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. இத்தனை ஃபிளக்ஸில் ஒன்றில்கூடச் செத்தவன் பெயர் இல்லை. வெட்கமாக இருந்தது. ‘செந்தில்குமாரைக் கொன்றது என் கணவர். செந்தில்குமாரின் தாயிடம் மன்னிப்புக் கேட்கிறேன் - மர்ஜியா.’ படம் வேண்டாம் என்றாள். மிச்ச இடத்தை வெள்ளையாகவே விட்டேன். செந்துறையில் பழையதை அவிழ்த்துவிட்டு நானே போய்க் கட்டினேன்.

பத்து நாள் கழித்து ஓர் அம்மா கடை வாசலில் வந்து நின்றார். ஃபிளக்ஸின் அடியில் போட்டிருந்த கடைப் பெயரை யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டு, பஸ் ஏறி வந்திருக்கிறார். வீராயி என்று அவர் சொன்னதும் எழுந்துவிட்டேன். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அந்தப் புள்ளகிட்ட கைநாட்டு வச்சுக் குடுத்துட்டேன் தம்பி. அந்த போர்ட அவுக்குறப்போ கிழிச்சுடாம எங்கிட்ட குடுத்துருங்க. எம்மவன் பேரு அதுல மட்டுந்தான் இருக்கு.”