ஒன்பது பாயிண்ட்

வலது மணிக்கட்டில் பிடித்த வலி நீலாம்பாளுக்கு முழங்கைவரை ஏறியிருந்தது. ஐயம்பேட்டையிலிருந்து வந்த ஷேர் ஆட்டோவில் கம்பியை இடக்கையால்தான் பிடித்துக்கொண்டாள். கருட சேவைக் கூட்டம் விடியுமுன்பே தெருவை அடைத்திருந்தது. பாதி வழியில் இறங்கி நடந்தாள்.

அவள் வேலை பார்ப்பது ஒரு மாலைப் பத்திரிகை அலுவலகத்தில். பதினோரு மணிக்குள் பக்கங்கள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். நீலாம்பாள், அர்ஜுனன், ஸிந்துஜா மூவரும் செய்தியைக் கணினியில் தட்டச்சு செய்து, பக்கமும் கட்டுவார்கள். கூலி பக்கக் கணக்கு.

இரண்டு மாதம் முன்பு முதலாளி ஆதிகேசவன் ஸிந்துஜாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, பக்கம் கட்டும் மென்பொருளான பேஜ்மேக்கரில் ஸ்டைல் ஷீட் போடச் சொன்னார். தலைப்பு, செய்தி, படக்குறிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் எழுத்து, அளவு, வரி இடைவெளி எல்லாவற்றையும் ஒரு பெயருக்குள் அடக்கி வைத்தாள். பெயரைச் சொடுக்கினால் பத்தி தானே சரியாகிவிடும்.

அடுத்த வாரமே எட்டுப் பக்கம் ஆறு பக்கமானது. செய்தி வரத்து குறைவு என்றார் முதலாளி. நிருபர்கள் கொண்டுவந்து போடும் கையெழுத்துத் தாள்களோ குறையவில்லை. அந்த அறைக்குள் ஸிந்துஜா என்ன பேசினாள்? அவள் உள்ளே வந்தால் மற்ற இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

அன்று காலை அர்ஜுனன் பொங்கல் பொட்டலத்தைப் பிரித்தான். சுற்றியிருந்தது அவர்களுடைய பத்திரிகைதான், பழைய இதழ்.

"இன்னாபா இது, எழுத்து கொழுகொழுன்னு இருக்குது?"

நேற்றைய இதழை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். பக்கத்தின் அளவு ஒன்றுதான். புதியதில் வரிகள் நெருக்கியடித்து நின்றன.

நீலாம்பாள் எழுந்துவந்து பார்த்தாள். நேரே ஸிந்துஜாவிடம் திரும்பினாள்.

"எங்க தலையில மொளகா அரைக்க உனக்கு எவ்ளோமா குடுத்தாரு?"

ஸிந்துஜா திரையில் ஸ்டைலைத் திறந்தாள். 'செய்தி' என்ற பெயருக்கு நேரே எழுத்தளவு ஒன்பது பாயிண்ட் என்று இருந்தது.

"நான் போட்டது பத்தரைதான், அக்கா. யாரோ கொறச்சிருக்காங்க. ஒரு எடத்துல மாத்தினா பேப்பர் பூரா மாறிடும். பேரு அதேதான், அதான் யாருக்கும் தெரில. எனக்கும் ஆறு பக்கத்துக் கூலிதானே வந்துக்கினு இருக்குது?"

"நீயே மாத்திட்டு எங்ககிட்ட கத வுடலன்னு எப்பிடி நம்புறது?" என்றான் அர்ஜுனன்.

சேவை முடித்துத் துளசி மணக்க ஆதிகேசவன் வந்தார்.

"இன்னா, மாநாடா? இன்னிக்கு கூட்டத்துல பேப்பர் எப்பிடி விக்கும்னு தெரியுமில்ல?"

"எழுத்த ஒன்பதாக்கினது யாரு சார்?" என்று கேட்டான் அர்ஜுனன்.

"நான்தான்யா. மருமவன வுட்டு மாத்தினேன். நியூஸ்பிரிண்ட் காயிதம் விக்கிற வெலைக்கு? படிக்கிறவன் கண்ணச் சுருக்கிக்கினு படிப்பான். ஒங்களுக்கு இன்னா? பக்கத்துக்குத்தானே கூலி, பக்கம் பெருசாச்சா?"

"பக்கம் அப்பிடியேதான் இருக்குது சார். எட்டுப் பக்க வேலைய ஆறுல திணிச்சிட்டீங்களே" என்றாள் நீலாம்பாள்.

அவர் ஸிந்துஜா பக்கம் திரும்பினார். குரல் குழைந்தது. "நீ உக்காருமா. ஒனக்குத் தனியா பாத்துத் தரேன். இவங்க இல்லன்னா பேப்பர் வராதா?"

நீலாம்பாள் ஸிந்துஜாவின் விரல்களையே பார்த்தாள். இப்போது தெரிந்துவிடும்.

ஸிந்துஜா கீபோர்டை மேசைக்கடியில் தள்ளினாள்.

"பழைய அளவப் போடுங்க. இல்லாட்டி அடிக்கிற வார்த்தைக்குக் கூலி பேசுங்க சார். மூணு பேருக்கும்."

அர்ஜுனனும் கீபோர்டை உள்ளே தள்ளினான். நீலாம்பாள் இடக்கையால் தள்ளினாள்.

"கருட சேவையன்னிக்கா? பெருமாளுக்கே அடுக்காது" என்று கத்தினார் ஆதிகேசவன். "பத்து மணி வரிக்கும் பாப்பேன். அப்புறம் மூணு பேரும் நடையக் கட்டுங்க."

அறைக்குள் போய் போனைச் சுழற்றினார். யாரிடமோ ஆள் கேட்பது வெளியே கேட்டது. ஆள் கிடைத்தாலும் கிடைக்கலாம். மூவரும் எழுந்திருக்கவில்லை.

நீலாம்பாள் தன் நாற்காலியை ஸிந்துஜாவின் பக்கம் இழுத்துப் போட்டு, தோள் உரச உட்கார்ந்தாள். இரண்டு மாதம் சந்தேகப்பட்டதற்கு அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.