வலிக்காத இடம்

டிப்போவில் எனக்கு ஹாரன் என்று பெயர். பஸ்ஸில் இருக்கிற ஹாரனை நான் அதிகம் தொடுவதில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஒரு சத்தம் போட்டால் முன்னால் போகிற லாரி தானாக ஒதுங்கும். இருபத்தாறு வருடம் அப்படித்தான் ஓட்டினேன். இப்பேர்ப்பட்ட எனக்கு ஊசி என்றால் குலை நடுங்கும் என்பது என் மனைவிக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

மூன்று வருடத்துக்கு முன்னால், மாத்திரை போதாது, இனி இன்சுலின்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேனா மாதிரி இருந்த அந்த ஊசியை நான் கையால்கூட தொடவில்லை. அவள்தான் வாங்கிக்கொண்டாள். முதல் வாரம் வயிற்றில் இங்கே குத்தினாள், அங்கே குத்தினாள், தொடையில் குத்தினாள். நான் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்துவிட்டுப் போனார். பிறகு ஒரு நாள் தொப்புளுக்கு இடப்பக்கம் மூன்று விரல் தள்ளிக் குத்தினாள்.

"குத்தப் போறியா இல்லையா?" என்றேன், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

"எப்பவோ குத்தியாச்சு. வலிக்கலையா?"

"வலிக்கல."

பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி சிரித்தாள். அன்றிலிருந்து அதுதான் இடம். நாளாக ஆக அங்கே மெத்தென்று ஒரு மேடு வந்தது. மேடு வந்த பிறகு ஊசி உள்ளே போவதே தெரியாமல் போயிற்று. "உங்க கொழுப்புக்கு ஊசியெல்லாம் எம்மாத்திரம்" என்பாள். நானும் சிரிப்பேன்.

அவள் ஒரு சலவைக் கடையில், துணி வாங்கும் மேசையில் வேலை செய்கிறாள். வருகிற ஒவ்வொரு உடுப்பின் பையிலும் கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே அனுப்ப வேண்டும். பேனா, சாவி, மருந்துச் சீட்டு, ஒரு தடவை யாருடையதோ பல்செட். பதினாறு வருடத்தில் அவள் கைக்குத் தப்பி மெஷினுக்குள் போன பொருள் ஒன்றுகூடக் கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இந்த வருடம் பஸ் கம்பெனி கொடுத்த புது ஷூ என் வலது சுண்டுவிரலைக் கடித்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. சர்க்கரைக்காரன் காலில் உணர்ச்சி அப்படித்தான். துவைக்க எடுத்த சாக்ஸில் ரத்தத்தைப் பார்த்து அவள்தான் அலறினாள். அதற்குள் இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. ஆபரேஷன் செய்து இரண்டையும் எடுத்துவிட்டார்கள்.

"ரெண்டு விரல்தானே, பஸ் ஓட்டலாம். கவலைப்படாதீங்க" என்றார் சர்ஜன். "ஆனா காயம் ஆறணும். சர்க்கரை கட்டுக்குள்ள இருந்தாத்தான் ஆறும். இல்லேன்னா சீழ் மேல ஏறும். அப்புறம் முழங்காலுக்குக் கீழ எடுக்கறதத் தவிர வழியில்ல."

பிரேக்கை மிதிக்கிற கால் அது. அன்று படுக்கையில் கிடந்தபடியே, இல்லாத பிரேக்கை ஒரு நூறு தடவையாவது மிதித்துப் பார்த்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த எட்டு நாளும் நர்ஸுகள் இன்சுலினைக் கையில் குத்தினார்கள். வார்டில் மானம் போகக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். சர்க்கரை நூற்று நாற்பது, நூற்று ஐம்பது என்று அடக்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து, பழையபடி அவள் ஊசி போட ஆரம்பித்த மூன்றாம் நாள் முந்நூற்று எண்பது. மறுநாள் காலை ஐம்பத்தெட்டு. வேர்த்துக் கொட்டி, கை கால் உதறி, நாக்கு குழறிவிட்டது. அவள் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்பூன் ஸ்பூனாகச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினாள். அன்று மதியமே முந்நூற்றுப் பத்து. டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். ஒரு வாரம் கழித்து மறுபடியும் கூட்டினார். எண் ஏறுவதும் விழுவதும் நிற்கவில்லை.

"ஆஸ்பத்திரியில ஒழுங்கா இருந்த சர்க்கரை வீட்டுக்குப் போனதும் இந்த ஆட்டம் ஆடுதுன்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டார் டாக்டர். கேட்டது என்னை, பார்த்தது அவளை. "வாயைக் கட்டச் சொல்லுங்கம்மா. நீங்கதான் பாத்துக்கணும்."

அவளும் கண்ணில் விளக்கெண்ணெயை விட்டுக்கொண்டு பார்த்தாள். சர்க்கரை டப்பா மேல்தட்டுக்குப் போயிற்று. அதன் மேல் எவ்வளவு இருக்கிறது என்று பேனாவால் ஒரு கோடு. பிஸ்கட்டுகளை எண்ணி வைத்தாள். தலையணை உறையைக் கழற்றி உதறினாள். கடைக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்தவுடன் ஒரு தடவை, என் சட்டைப் பைகளில் கையை விட்டுப் பார்த்தாள். அவள் தம்பி என்னைப் பார்க்க வந்தால் வாசலிலேயே அவனுக்கும் சோதனை.

"அக்கா, நான் என்ன கடத்தல்காரனா?" என்று அவன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான். பிறகு என் பக்கம் குனிந்து, "மாமா, எங்கிட்டயாவது உண்மையச் சொல்லுங்க. எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்பான்.

நான் தின்னவில்லை. எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன். ஆசை இல்லாமல் இல்லை. மாடியிலிருந்து கேக் வாசனை வந்தால் நாக்கில் எச்சில் ஊறும். ஆனால் ஸ்டியரிங்கை நினைத்துக்கொள்வேன், ஆசை தானாகச் செத்துவிடும். நான் பயந்தாங்கொள்ளி. பயந்தாங்கொள்ளி திருட மாட்டான்.

"நான் என்ன திருடனாடி?" என்று ஒரு நாள் கத்தியே விட்டேன்.

"திருடன்னு நான் சொல்லலைங்க. எண்ணு சொல்லுது."

"எண்ணு பொய் சொல்லுது."

"எண்ணு எதுக்குங்க பொய் சொல்லணும்? அதுக்கென்ன உங்க மேல பகையா?" அழ ஆரம்பித்துவிட்டாள். "எங்க வச்சிருக்கீங்கன்னு சொல்லிடுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். கால் போயிடும்ங்க. உங்களக் கெஞ்சிக் கேக்கறேன்."

கையில் இருந்த டம்ளரைச் சுவரில் வீசினேன். அவள் தண்ணீரைத் துடைத்தாள். துடைத்துவிட்டு, மணி பார்த்து, ஊசியை எடுத்து வந்து, அவ்வளவு அழுகையிலும் என் சட்டையை மெல்ல விலக்கி, எனக்கு வலிக்காத அந்த இடத்திலேயே குத்தினாள். அதன் பிறகு பதினெட்டு நாள் எண்களைத் தவிர நாங்கள் வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் காயத்துக்குக் கட்டுப் போட ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே ஒரு வயதான நர்ஸ். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, கண்ணாடி எங்கே என்று எங்களையே கேட்கிற அம்மாள். அன்று கூட்டம் அதிகம். வரிசையில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கட்டுப் பிரிக்கும்போதே மதிய ஊசிக்கு நேரமாகிவிட்டது. மனைவி பையிலிருந்து ஊசிப் பேனாவை எடுத்தாள், அளவைத் திருகினாள், என் சட்டையை விலக்கினாள். இடத்தைப் பார்க்கக்கூட இல்லை, கை தானாகப் போயிற்று.

"கொஞ்சம் இரும்மா" என்றாள் நர்ஸ். கையுறையைக் கழற்றிவிட்டு அந்த மேட்டை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தாள். "எவ்வளவு நாளா இதே இடத்துல போடறே?"

"மூணு வருஷமாச்சு சிஸ்டர். இங்க போட்டாத்தான் இவருக்கு வலிக்காது." அதைச் சொல்லும்போது, பதினெட்டு நாளில் முதல் தடவையாக, அவள் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது.

நர்ஸ் பெருமூச்சு விட்டாள். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோலுக்கடியில் கொழுப்பு கட்டிவிட்டது, மரத்துப் போனதால்தான் வலிக்கவில்லை என்றாள். அதில் போடுகிற மருந்து உடம்பில் ஒழுங்காகச் சேராது, உள்ளேயே தேங்கும், சில சமயம் எதிர்பாராமல் மொத்தமாக இறங்கும் என்றாள். "அதான் எண்ணு இப்படி ஆடுது. நிறைய பேர் பண்ற தப்புதாம்மா இது. உனக்கு யாரும் சொல்லித் தரல. நாங்க பாத்திருக்கணும். இனிமே இடம் மாத்தி மாத்திப் போடு. இப்ப இந்த அளவு போடாதே, நல்ல இடத்துல இவ்வளவு போனா சட்டுன்னு இறங்கிடும். டாக்டர்கிட்ட கேட்டுக் குறைச்சுக்கலாம்."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். நாக்கைப் பிடுங்கிக்கொண்டாலும் தகும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்குக் காலைப் பற்றிய நினைப்புகூட வரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்பது மட்டும்தான் மண்டைக்குள் இருந்தது.

"பாத்தியா!" என்று ஹாரன் அடித்தேன். "பை பையா தேடினியே, தலையணைய உதறினியே! என் வாயா காரணம்? உன் கைதான்டி காரணம். என் கால் போச்சுன்னா உன் கையாலதான் போகும்!"

வரிசையில் இருந்த ஆறு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையில் நான் சிறுத்துப் போயிருக்க வேண்டும், போகவில்லை. மனைவி பேனாவின் மூடியை மூடி, பைக்குள் வைத்து, பையின் ஜிப்பை இழுத்துவிட்டு, வெளியே போய் நடையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் கட்டு முடிந்து வரும்வரை தன் வலது கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தாள்.

அன்றிலிருந்து அவள் ஊசியைத் தொடவில்லை. பேனா, பஞ்சு, அளவு எழுதிய சீட்டு எல்லாவற்றையும் வேளை தவறாமல் மேசையில் எடுத்து வைப்பாள். வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவாள். கழுவப் பாத்திரம் இருக்காது. என் சத்தம் காதில் விழக் கூடாது என்பதற்காகத்தான் அது. நானே குத்திக்கொள்ளப் பழகினேன். வலது தொடை, இடது தொடை, வயிற்றின் வலப்பக்கம். ஒவ்வொன்றும் வலித்தது. சத்தம் போடவில்லை. போடவில்லை என்பது குழாய்ச் சத்தத்தில் அவளுக்குத் தெரிந்திருக்காது.

சர்க்கரை பத்தே நாளில் வழிக்கு வந்துவிட்டது. நூற்று முப்பது, நூற்று முப்பத்தைந்து. மச்சினன் வந்து என் முதுகில் தட்டினான். அவளிடம் எண்களைக் குறித்த சீட்டைக் காட்டினேன். "நல்லது" என்றாள். பிறகு காயத்தின் ஓரம் மறுபடி கறுத்து, நாற்றம் வர ஆரம்பித்தது. சர்ஜன் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பு வரைக்கும் போய்விட்டது, இனி நாள் கடத்த முடியாது, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்றார்.

"சர்க்கரைதான் இப்ப நல்லா இருக்கே டாக்டர்" என்றேன், யாரிடமோ பிச்சை கேட்பது போல.

"அருமையா இருக்கு. ஆபரேஷனுக்கு ரொம்ப வசதி" என்றார்.

ஆபரேஷன் அன்று காலை எனக்குப் பச்சை அங்கியை மாட்டிவிட்டார்கள். வலது முழங்காலுக்குக் கீழே மையால் ஒரு கோடு போட்டிருந்தது. நான் கழற்றிப் போட்ட சட்டையையும் பேன்ட்டையும் மனைவி எடுத்துக்கொண்டாள். மடிக்கும் முன் பைகளில் கையை விட்டுப் பார்த்தாள். பழக்கம், அவளை அறியாமல் கை போயிற்று. போனதும் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

மூன்று நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை அப்போது எடுத்தேன்.

"இங்க வா. உக்காரு. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

உட்கார்ந்தாள்.

"நான் தின்னேன். நீ சந்தேகப்பட்டதுதான் சரி. பிஸ்கட், சாக்லெட் எல்லாம். உன் தம்பிதான் வாங்கிக் குடுத்தான். தினமும் தின்னேன். அதனாலதான் ஏறிச்சு. அந்த நர்ஸ் சொன்னதுல பாதிதான் உண்மை. பழிய உன் மேல போட்டுட்டுத் தப்பிச்சுக்கிட்டேன். உன் கை மேல ஒரு தப்பும் இல்ல."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்புகிறாள் என்றுதான் நினைத்தேன். வாழ்க்கையில் இவ்வளவு ஆசையாக நான் எந்தப் பொய்யையும் சொன்னதில்லை.

"எங்க வச்சிருந்தீங்க?" என்றாள்.

"சட்டைப் பையிலதான். வேற எங்க?"

மடியில் இருந்த சட்டையை அவள் விரித்தாள். பைக்குள் இரண்டு விரலை விட்டு, உள்துணியை வெளியே இழுத்து, என் பக்கம் திருப்பிக் காட்டினாள். தையல் ஓரத்தில் ஒரு நூல் பிசிறு இருந்தது. வேறொன்றும் இல்லை.

"பதினாறு வருஷமா ஊர்ல இருக்கற பையெல்லாம் பாக்கறவ நான்" என்றாள். "பிஸ்கட் வச்சிருந்த பை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? தினம் ரெண்டு தடவை பாத்தேன். ஒரு நாளாவது ஒரு தூள் கிடைக்காதான்னு அப்பவும் பாத்தேன். அந்த நர்ஸ் சொன்னதுக்கப்புறமும் வீட்ல இருக்கற உங்க சட்டை எல்லாத்தையும் எடுத்து வச்சு மறுபடி பாத்தேன். இல்லைங்க. நீங்க ஒண்ணும் தின்னல."

வார்டு ஆள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்து, என் பெயரையும் எந்தக் கால் என்பதையும் கேட்டான். வலது கால் என்று அவள்தான் பதில் சொன்னாள். சொல்லிவிட்டு, வெளியே தொங்கிய பையை விரலால் உள்ளே தள்ளி, சட்டையை நாலாக மடித்தாள்.